குலுக்கைக்கு எதுக்குடி இடுப்பு?

எம் பேத்தி கோயம்புத்தூர்ல இருந்து வந்து மூணு நாளாச்சு. ஏழு மாசம். வளைகாப்புக்கு இன்னும் நாலு நாள் கெடக்கு. வந்த அன்னைக்கு வாசல்ல ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிட்டதோட சரி, அதுக்கப்புறம் திண்ணைப் பக்கம் தல காட்டல. அப்படி என்னதான் உள்ள பண்றான்னு எட்டிப் பாத்தா, பீரோ கண்ணாடி முன்னால நிக்கிறா. நேரா நிக்கிறா. ஒருக்களிச்சு நிக்கிறா. மூச்ச உள்ளுக்கு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா.

அடியே, உள்ள இருக்கிறது ஒரு கிலோவும் கொஞ்சமும் உள்ள உசுரு. நீ மூச்ச இழுத்தா அது எங்கடி ஒதுங்கும்? முதுகுப் பக்கம் போயி நின்னுக்கிருமா?

“என்னத்தத் தேடுற?”ன்னேன்.

“இடுப்ப, அப்பத்தா.”

“அது எங்கிட்டும் ஓடிப் போகல. வீட்டுக்கு விருந்தாளி வந்தா கட்டில ஓரமாத் தள்ளிப் போடுவோம்ல, அது மாதிரி ஒதுங்கி எடம் விட்டுருக்கு.”

சிரிக்கல. கண்ணுல தண்ணி நிக்குது. சரி, இது வெத்தலையப் போட்டுத் துப்பிட்டுப் போற சங்கதி இல்லன்னு நானும் கட்டில்ல உக்காந்துட்டேன்.

நம்ம ஊருப் பேரப் பாருங்க, கன்னிவாடி. பன்றிமலை அடிவாரத்துல ஒரு காலத்துல பாளையமா இருந்து, பெறகு ஜமீனா இருந்த ஊரு. பேருக்கு ஆளாளுக்கு ஒரு கத சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச கத ஒண்ணுதான், நானே கட்டுனது. “கன்னியா வாடி”ன்னு கூப்பிட்ட ஊரு, புள்ளத்தாச்சியா வந்தா “போடி”ன்னா சொல்லப் போகுது? இதச் சொன்னதும் லேசா ஒதடு கோணுச்சு. ஆனாலும் திண்ணைக்கு வரமாட்டேன்னுட்டா. ஏன்னு கேட்டா, எதுத்த வீட்டுக்காரி வந்தன்னைக்கே கேட்டுட்டாளாம், “என்ன புள்ள, பூசணிக்கா மாதிரி ஆயிட்ட”ன்னு.

பூசணிக்கா காய்ச்சதுக்கு எந்தக் கொடியாவது வெக்கப்பட்டு எலைக்குள்ள போயி ஒளிஞ்சிருக்கா? அவ வீட்டுக் கொடியில பூவெல்லாம் உதிர்ந்து போச்சு, அந்த வயித்தெரிச்சல்ல பேசுறா. விடு.

ஆனா விட முடியல பாருங்க. நாக்குல பட்ட சூடு ஒரு வாரத்துல ஆறிரும், காதுல பட்டது ஆறாது. அதுவும் புள்ளத்தாச்சியக் கண்டா ஊருல இருக்கிற நாக்குக்கெல்லாம் வேல வந்துரும். ஒருத்தி வயித்தப் பாத்து, “உருண்டையா இருக்கு, பொட்டப்புள்ளதான்”பா. அடுத்தவ அதே வயித்தப் பாத்து, “கூரா இருக்கு, பையன்”பா. ஸ்கேன்ல பாத்துச் சொன்னா டாக்டரையே உள்ள தூக்கி வைக்க 1994-லயே சட்டம் போட்டாச்சு. கண்ணாலயே ஸ்கேன் எடுக்குற இவளுகளுக்குத்தான் இன்னும் ஒரு சட்டமும் வரல. இன்னொருத்தி, “ஏழு மாசத்துக்கு வயிறு சின்னதா இருக்கே”ன்னு இழுப்பா. அவ அங்கிட்டுப் போனதும் அவ தங்கச்சி வந்து, “ரெட்டப் புள்ளையா?”ன்னு கேப்பா. ஒரே வயிறுதான். அக்காளுக்குச் சின்னதாத் தெரியுது, தங்கச்சிக்குப் பெருசாத் தெரியுது. இதுல எத நம்பி நீ அழுவ?

சந்தையில மாட்டுத் தரகன் சினை மாட்டப் பாத்து என்னைக்காவது, “என்னப்பா, மாடு குண்டாயிருச்சே”ன்னு சொல்லிக் கேட்டுருக்கீங்களா? துண்டுக்குள்ள கைய விட்டு வெலயத்தான் ஏத்துவான். நம்ம ரெட்டியார்சத்திரம் கோபிநாதர் மலைக்கு சனங்க ஏறிப் போயி, மாடு கன்னு நல்லா இருக்கணும்னு கும்புட்டுட்டு வருது. மாடு வயிறு சாஞ்சா ஊரே சந்தோசப்படுது. பொம்பள வயிறு சாஞ்சா மட்டும் சாடை பேசுது.

பேத்திக்கு வீட்டுக்கு வீடு நாக்குன்னா, கையில இருக்கிற போன்ல கோடி நாக்கு. ராத்திரியெல்லாம் அதத்தான் தள்ளித் தள்ளிப் பாக்குறா. என்னடி பாக்குறன்னா, ஒரு நடிகை புள்ள பெத்த மூணாம் மாசம் சில்லு மாதிரி நிக்கிற படம். “பாரு அப்பத்தா, இவளுக்கு மட்டும் எப்படி?”ங்குறா. எப்படின்னா, அவளுக்குச் சமைக்க ஒரு ஆளு, புள்ளையத் தூக்க ஒரு ஆளு, ஒடம்ப வளைச்சு விட ஒரு ஆளு, படம் எடுத்தா அதச் செதுக்கிக் குடுக்க ஒரு ஆளு. உனக்கு நான் ஒருத்தி. எனக்கும் முட்டி வலி.

அப்புறம் அவளே வேற ரெண்டு படம் காமிச்சா. சூர்யா கூட ‘வாரணம் ஆயிரம்’ படத்துல நடிச்சுச்சே சமீரா ரெட்டி, அந்தப் புள்ள. 2015-ல மொதப் பிரசவம். அதுக்குப் பெறகு 100 கிலோவத் தாண்டிட்டேன், யார் கண்ணுலயும் படாம ஒளிஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்னு பின்னால அதுவே சொல்லுச்சாம். ரெண்டாவது தரிச்சப்ப, 2019-ல, நெறமாச வயித்தோட தண்ணிக்குள்ள முங்கி நீச்சல் உடுப்புல படம் எடுத்துப் போட்டுருக்கு. எனக்குப் பாக்கக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா அந்த மொகத்துல ஒரு திமிரு இருந்துச்சு பாருங்க, ‘நாலு வருசமா ஒளிஞ்சிருந்தேன், இனி ஒளிய மாட்டேன்’ங்குற மாதிரி. அது எனக்குப் பிடிச்சுப் போச்சு. இன்னொருத்தி காஜல் அகர்வால். 2022 பிப்ரவரியில, ஏழு மாசம் போல இருக்கும்போது, ஒடம்பு ஊதிருச்சுன்னு கேலி பேசுனவங்களுக்கு நல்லா ஒறைக்கிற மாதிரி பதில் எழுதிப் போட்டாளாம். ஏப்ரல்ல ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. எலியானாலும் புலியானாலும் இந்தப் பேச்சு யாரையும் விட்டு வைக்கல பாத்துக்க.

இது நம்ம நாட்டுச் சீக்கு மட்டும் இல்லயாம். 1991-ல அமெரிக்காவுல டெமி மூர்னு ஒரு நடிகை ஏழு மாச வயித்தோட துணியில்லாம ஒரு பத்திரிகை அட்டையில நின்னாளாம். சில கடையில வாங்கவே மாட்டேன்னுட்டாங்களாம், சில கடையில தாளச் சுத்தி மறைச்சு வித்தாங்களாம். எத்தனையோ அட்டையில எத்தனையோ பேரு துணியில்லாம நின்னப்ப மறைக்கத் தோணல. வயிறு தெரிஞ்சதும் தாளைத் தேடிருக்கான். மலை தாண்டுனாலும் கடல் தாண்டுனாலும் மனுசப்பய ஒரே மாதிரிதான்.

கண்ணாடிக்கு வருவோம். இந்தப் பீரோ எம் மருமக சீரா வந்தது. அதுக்கு முந்தி இந்த வீட்டுல இருந்த கண்ணாடி என் உள்ளங்கை அகலம். அதுவும் ஒரு மூலையில ரசம் போயி, பாத்தா ஒரு கண்ணு தெரியாது. தூண்ல ஒரு ஆணியில மாட்டிருக்கும். பொட்டு நேரா இருக்கான்னு பாக்கலாம், அம்புட்டுத்தான். கழுத்துக்குக் கீழ எனக்கு என்ன இருக்குன்னு நான் எந்தக் கண்ணாடியிலயும் பாத்ததில்ல. குனிஞ்சு பாத்தா வயிறு தெரியும், நிமிந்து பாத்தா மாமியா தெரியும். இதுல எத வச்சு அழகப் பாக்குறது?

அதனால நாங்கெல்லாம் அந்தக் காலத்துல இந்தக் கவலையே இல்லாம இருந்தோம், உங்க காலத்துலதான் எல்லாம் கெட்டுப் போச்சு. இப்படித்தான் அவகிட்ட மொதல்ல அளந்து விட்டேன். கெழவிக பூரா இதத்தான் சொல்லுவோம். கேக்க நல்லா இருக்கும். பொய்.

1969. மொதப் புள்ள வயித்துல. எனக்குப் பத்தொம்பது வயசு. எங்க வீட்டு மச்சுல ஒரு குலுக்கை இருந்துச்சு. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குக் குலுக்கைன்னா தெரியாது. களிமண்ணுல வைக்கோலக் கலந்து மிதிச்சு, வளையம் வளையமாச் செஞ்சு, காயவச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிச் சாணி போட்டு மொழுகியிருக்கும். ஆள் ஒசரம் நிக்கும். நடுவுல பெருத்திருக்கும். சோளம், கம்பு எல்லாம் மேல கொட்டுவோம், அடியில ஒரு பொந்து இருக்கும், துணிய அடைச்சு வச்சிருப்போம். வேணுங்கிறப்ப துணிய உருவுனா மொறத்துல சரசரன்னு தானியம் விழும்.

ஒருநா நான் மச்சுல நிக்கிறேன், எம் மதினி, எம் புருசனோட அக்கா, கீழ இருந்து எட்டிப் பாத்துட்டு, “எது குலுக்கை, எது நம்ம வீட்டு மருமகள்னே தெரியல”ன்னு சொல்லிச் சிரிச்சா. வீடே சிரிச்சுச்சு. எம் புருசனும் சிரிச்சாரு. அவரு சிரிச்சதுதான் என் நெஞ்சுல தச்சுச்சு. நானும் அவங்களோட சேந்து சிரிச்சேன். ராத்திரி வட்டில்ல பாதிச் சோறத்தான் தின்னேன். மறுநாளும் அப்படியே. தண்ணிக்குப் போறப்ப முந்தானைய முன்னால இழுத்துப் போட்டு, குடத்த இடுப்புல வைக்காம வயித்துக்கு முன்னால மறைப்பு மாதிரிப் பிடிச்சுக்கிட்டுப் போவேன். ஆக, கண்ணாடியே வேண்டியதில்ல தாயி. மதினி ஒருத்தி இருந்தாப் போதும்.

எட்டாம் மாசம் கெணத்தடியில கண்ணு இருட்டி விழுந்தேன். கொடம் ஒடஞ்சுச்சு, நான் ஒடையல. வீட்டுலயே மருத்துவச்சி வந்து பேறு பாத்தா. பொட்டப்புள்ள. கோழிக்குஞ்சு மாதிரி, பழந்துணியில சுத்துனா துணிதான் தெரிஞ்சுச்சு, புள்ளையத் தேட வேண்டியிருந்துச்சு. அவதான் உங்க பெரியத்தை. இன்னைக்கு ஏழு பேரக் கட்டி மேய்க்கிறா, அது வேற. ஆனா அவ மூணு மாசம் பால் குடிக்கத் தெம்பில்லாம மூச்சு வாங்குனப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தின்னாம இருந்தது நான், எளச்சுப் பொறந்தது அவ. மதினிக்கு ஒரு நட்டமும் இல்ல.

இதச் சொன்னப்பத்தான் பேத்தி கண்ணாடிய விட்டுட்டு என் மொகத்தப் பாத்தா. “நெசமாவா அப்பத்தா?”ன்னா. காலையில பாதி தோசைய வச்சுட்டு எந்திரிச்சவதானே, அவளுக்குச் சுருக்குன்னுருச்சு.

ரெண்டாவது தரிச்சது உங்கப்பன். 1972. அந்தத் தடவ எங்கய்யா, “வீட்டுல வேணாம்”னு சொல்லிக் காந்திகிராமம் கஸ்தூரிபா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. திண்டுக்கல் போயி, அங்கிருந்து மதுரை ரோட்டுல. அத உண்டாக்குன சவுந்தரம் அம்மா பெரிய எடத்துப் பொண்ணு, டி.வி.எஸ். கம்பெனி சுந்தரம் ஐயங்கார் மக. அப்பா ஊரெல்லாம் பஸ் விட்டாரு, மக சின்ன வயசுலயே புருசன எழந்து, அதுக்குப் பெறகு டில்லிக்குப் போயி டாக்டருக்குப் படிச்சுட்டு, 1947-ல இந்தச் சின்னாளபட்டிப் பக்கம் வந்து நம்ம மாதிரிப் பொம்பளைகளுக்குப் பேறு பாக்க எறங்குனாங்க. அங்க ஒரு நர்சம்மா, முந்தானைய இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு நின்ன என்னையப் பாத்து, “எதை மறைக்கிற? திருடிட்டா வந்த?”ன்னு கேட்டுச்சு. அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு, அந்தக் கேள்வி இன்னும் காதுல கெடக்கு. அன்னையில இருந்து முந்தானைய இழுக்கல. நல்லாத் தின்னேன்.

மறுநாள் நம்ம சுகாதார நிலையத்து நர்சம்மா வீட்டுக்கு வந்துச்சு. பேத்தி எடை பாத்து மறுபடி அழ ஆரம்பிச்சா. 52 கிலோ இருந்தவ 60 ஆயிட்டா. நர்சம்மா சிரிச்சுக்கிட்டே காலண்டர்ல ஒரு தாளக் கிழிச்சு, பின்பக்கம் மளிகைச் சீட்டு மாதிரி எழுதிக் காமிச்சுச்சு. நான் நாலாங்கிளாஸ், கணக்குன்னா நமக்கு இஷ்டம், நானும் தலைய நீட்டுனேன்.

நெறமாசத்துல புள்ள 3 கிலோ. நஞ்சுக்கொடி 700 கிராம். பனிக்குடத்துத் தண்ணி 800 கிராம். கருப்பை ஒண்ணு இருக்கே, அது சும்மா இருக்கிறப்ப 70 கிராம்கூடத் தேறாதாம், பேறுகாலத்துல 1 கிலோவாம். ஒரு எலுமிச்சம்பழம் தேங்காயான மாதிரி. மாரு ரெண்டும் சேந்து அரைக்கிலோ. ரத்தம் ஒன்றரைக் கிலோ கூடுது, பழைய ரத்தத்துல கிட்டத்தட்டப் பாதி அளவு புதுசா ஊறுது. ஒடம்புல அங்கங்க தேங்குற நீர் ஒன்றரைக் கிலோ. கடைசியாக் கொழுப்பு ரெண்டரைக் கிலோ. கூட்டிப் பாத்தா பதினொன்றரை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், கொறையும்.

“கொழுப்பு”ன்னதும் பேத்தி மொகம் சுருங்குச்சு. நர்சம்மா சொல்லுச்சு, “அது பால் சுரக்கச் சேத்து வைக்கிறது. புள்ள பொறந்ததும் அடுப்பு எரியணும்ல, அதுக்கு வெறகு.” நான் சொன்னேன், “வெறகு இல்ல, வெதச்சோளம். குலுக்கையில மேல இருக்கிறது திங்க, அடியில இருக்கிறது வெதைக்க. அடியில இருக்கிறத எவளாவது கெட்ட பேரு சொல்லித் தூத்துவாளா?” ஆக அந்தப் பதினொன்றரையில அவளோடதுன்னு குத்தம் சொல்ல ஒரு கிலோகூடக் கெடைக்கல. நாங்க ரெண்டு தடவ கூட்டிப் பாத்தோம். இன்னும் மூணு நாலு கிலோ பாக்கி வேற வச்சிருக்கா.

இதச் சொன்னதும் எம் மருமக உற்சாகமாயி, “ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்டி”ன்னு தட்டுல நாலு கரண்டி நெய்யச் சாச்சா. நர்சம்மா கையத் தட்டி விட்டுருச்சு. ரெண்டு பேருன்னா ரெண்டு தட்டு இல்லயாம். நாளுக்கு 350 கலோரி கூடுதலா இருந்தாப் போதுமாம். நம்ம பாஷையில, ரெண்டு இட்லி, ஒரு டம்ளர் பாலு, ஒரு வாழப்பழம். அந்தப் பழம் சிறுமலைப் பழமா இருந்தா எனக்கும் ஒண்ணு. கீரை, முட்டை, பருப்பு, இரும்புச் சத்து மாத்திரை, இதெல்லாம் நர்சம்மா சொன்னபடி. அதக் கொறைச்சா ஒடம்பு இளைக்காது, ரத்தந்தான் இளைக்கும்.

அப்புறம் தோல் பஞ்சாயத்து. அடிவயித்துல தொப்புள்ல இருந்து கீழ ஒரு கறுப்புக் கோடு. கன்னத்துல மங்கு. கழுத்துல கருமை. தொடையில, வயித்துல செவப்புச் செவப்பா வரி. அதுக்குன்னு ஒரு குப்பி எண்ணெய் வாங்கி வச்சிருக்கா, வெலயக் கேட்டா எனக்கு நெஞ்சடைச்சுருச்சு. தடவு, தோல் எரிச்சல் அடங்கும், அரிப்பு கொறையும், மொழுமொழுன்னு இருக்கும். வரி வராமத் தடுக்கும்னு மட்டும் நம்பாத. அப்படித் தடுக்கும்னு அடிச்சுச் சொல்ல ஒரு எண்ணெயும் இல்லயாம், நர்சம்மாவே சொல்லுச்சு. மழ காணாத தரிசு வெடிக்கும், மழ கண்ட கரையும் நீரு பெருத்தா வெடிக்கும். உன்னுது ரெண்டாவது வெடிப்பு. கறுப்புக் கோடு தானா மங்கிரும். மங்கும் பெரும்பாலும் கொறஞ்சுரும், வெயில்ல போனா தலையில முக்காடு போட்டுக்க. வரி வெள்ளையாயி அடங்கும், ஆனா முழுசாப் போகாது. புள்ள பொறந்து மூணு நாலு மாசத்துல முடி கொத்துக் கொத்தாக் கொட்டும், பயப்படாத, மறுபடி மொளைக்கும். காலு வீங்கிச் செருப்பு சேரலன்னா ஒரு சைஸ் பெருசு வாங்கு. வாங்க உனக்கென்ன, சம்பாரிக்கிறவ.

குங்குமப்பூ பாலுல போட்டுக் குடிச்சா புள்ள செவப்பாப் பொறக்கும்னு ஒரு டப்பா அனுப்பி விட்டுருக்காங்க மாப்பிள்ள வீட்டுல. அந்தப் பொடி டப்பா வெலைக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம். அப்பனும் கறுப்பு, ஆத்தாளும் கறுப்பு, பாட்டன் அதுக்கு மேல. நடுவுல பூவு வந்து என்னத்தப் பண்ணும்? பாலு மஞ்சளாகும், அம்புட்டுத்தான். வாசமா இருக்கு, குடி.

உடுப்புக்கும் ஒரு மூட்டையக் கட்டிக்கிட்டு வந்திருக்கா. ஒண்ணும் சேரல. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்து, ஜிப்பு ஏறலன்னு கட்டில்ல எறிஞ்சு, மலையாக் குமிச்சு வச்சிருக்கா. அடி, சட்டைக்காரன் அவன் அளவுக்குத் தச்சதுக்கு உன் ஒடம்பு என்னடி பண்ணும்? என் பொட்டியத் தொறந்து ஒரு சின்னாளபட்டிச் சுங்குடிய எடுத்துக் குடுத்தேன். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, ஒடம்பு பூராப் புள்ளி. சேலைக்குச் சைஸ் கெடையாது. கல்யாணத்தன்னைக்குக் கட்டுனதையே கொசுவத்துல ரெண்டக் கொறச்சா நெறமாசத்துலயும் கட்டலாம். நீ எத்தன கிலோன்னு அது கேக்காது. ஒடம்புக்குச் சில்லுன்னு இருக்கும். கட்டிவிட்டேன். வயித்துக்குக் கீழ எறக்கிக் கட்டி, முந்தானைய ஒதுக்கி விட்டேன். கண்ணாடியப் பாத்தா. “புள்ளி எல்லாம் வயித்துல வந்து நிக்குது”ன்னா. மூணு நாளைக்குப் பெறகு சிரிச்சது அப்பத்தான்.

ஒண்ண மட்டும் அவகிட்டச் சொல்லல. காதக் கொண்டாங்க. பழைய ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு பாத்திருப்பீங்க. ரெண்டு கல்லு நட்டு மேல ஒரு கல்லப் படுக்கப் போட்டிருக்கும். தலச்சுமையோட வர்றவன் யார் கையையும் எதிர்பாக்காம எறக்கி வச்சுட்டு, மூச்சு வாங்கிட்டு, மறுபடி ஏத்திக்கிட்டுப் போவான். பல ஊருல அது வயித்துப் புள்ளையோட செத்துப்போன பொம்பள பேருல வச்ச கல்லு. அவளால எறக்க முடியாமப் போன சுமைக்காக, ஊருச் சுமைய எறக்கி வைக்க ஒரு எடம். நாங்க சின்னப் புள்ளையா இருக்கிறப்ப அந்தக் கல்லத் தாண்டும்போது ஆத்தா சத்தமில்லாம நடப்பா. 2018-20 கணக்குல தமிழ்நாட்டுல உசுரோட பொறந்த லட்சம் புள்ளைக்குத் தாய் சாவு 54 ஆம், நாடு முழுக்கப் பாத்தா 97 ஆம். மாப்பிள்ள போன்ல பாத்துச் சொன்னாரு. அந்த 54-ம் யாரோ ஒருத்தி வீட்டுப் புள்ளதான். அதனாலதான் நர்சம்மா திரும்பத் திரும்பச் சொல்லுச்சு, காலு சாயங்காலம் லேசா வீங்குறது வேற, மொகமும் கையும் திடீர்னு வீங்கி, தலவலி மண்டைய ஒடச்சு, கண்ணு மங்குனா அது வேற. அப்பக் கண்ணாடி முன்னால நிக்காத, ஆஸ்பத்திரி முன்னால நில்லு. மனசுக்கும் அப்படித்தான். ரெண்டு வாரமா விடாம அழுக, சோறு எறங்கல, ஒறக்கமில்லன்னா, அப்பத்தா கேலியெல்லாம் அதுக்கு மருந்தில்ல, டாக்டர்கிட்டச் சொல்லணும். இத மட்டும் நான் கேலியில்லாமச் சொல்றேன்.

மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. சனிக்கெழம வந்தாரு. நல்ல புள்ளதான். பாசத்துல, “என்ன, குட்டி யானை எப்படி இருக்கு?”ன்னுட்டாரு. நான் உள்ள இருந்து, “யானைக்குத் தீனி வாங்கிட்டு வந்தீங்களா மாப்ள?”ன்னேன். திருதிருன்னு முழிச்சாரு. பெறகு தனியாக் கூப்பிட்டு, அன்னைக்கு மச்சுக்குக் கீழ நின்னு எம் புருசன் சிரிச்ச கதையச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. சாயங்காலம் பாத்தா கீழ உக்காந்து அவ காலப் பிடிச்சு விட்டுக்கிட்டு இருக்காரு. நான் பாக்காத மாதிரிப் போயிட்டேன். எங்க வீட்டு ஆம்பள ஒருத்தன் செய்ய வேண்டியத அம்பது வருசம் கழிச்சு இன்னொருத்தர் செய்யிறாரு, இருக்கட்டும்.

நாலு நாளும் ஓடிப் போச்சு. வளைகாப்பன்னைக்குக் காலையில வளையல்காரர் கடையப் பரப்புனாரு. ரெண்டு-நாலு போட்ட கை இவளுக்கு. ஏறல. சோப்பு நுரையத் தடவிப் பாத்தாரு, கட்டை வெரல் எலும்போட நின்னுருச்சு. ரெண்டு-ஆறு எடுத்தாரு. நான் அவ மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன், இப்ப அழுவாளோன்னு. வளையல்காரர் பெரிய மனுசன், “ரெண்டு-ஆறுலதாம்மா சத்தம் நல்லா வரும், புள்ளைக்குக் கேக்கணும்ல”ன்னாரு. ஏழு மாசத்துல உள்ள இருக்கிற புள்ளைக்கு வெளிச் சத்தம் கேக்கும்கிறது நெசந்தான். ரெண்டு-ஆறுக்குச் சத்தம் கூடும்கிறது அவரு வியாபாரம். ஆனாலும் நேரம் பாத்துச் சொன்னாரு, ரெண்டு டஜன் கூட எடுத்துக்கிட்டேன்.

மதினியும் வந்திருந்துச்சு. எண்பத்தி ரெண்டு வயசு. காஞ்ச முருங்கக்காய் மாதிரி ஆயிருச்சு, ரெண்டு பேரு பிடிச்சுக் கூட்டியாந்தாங்க. பேத்தி கன்னத்துல சந்தனம் பூசிட்டு, வயித்துல கைய வச்சுச்சு. எனக்குத் திக்குன்னுச்சு. என்ன சொல்லப் போகுதோ. மதினி கொஞ்ச நேரம் கைய எடுக்கல. உள்ள ஒதைச்சிருக்கும் போல. என்னையத் திரும்பிப் பாத்து, “குலுக்கை நெறஞ்சிருக்குடி”ன்னுச்சு. அவ்வளவுதான். அதுக்கு மன்னிப்புன்னு பேரா, மறதின்னு பேரா, எனக்கு வெளங்கல. நானும் தலைய ஆட்டுனேன்.

எல்லாம் போன பெறகு ராத்திரி பேத்தி எங்கிட்ட வந்து படுத்தா. கையில வளையல் கலகலங்குது. “அப்பத்தா, உன் வயித்தக் காமி”ன்னா. சீ, போடின்னேன். விடல. லைட்டப் போட்டா. நாலு பெத்த வயிறு. வத்துன கொளத்துல எறங்குன மாட்டுத் தடம் மாதிரி வரி வரியா. வெரல வச்சு ஒவ்வொரு வரியா இழுத்துப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

“இதுல எங்கப்பா எது?”

“அந்தா, எல்லாத்துலயும் தடிமனா இருக்கு பாரு, எடது பக்கம். நாலு கிலோவுக்கு நூறு கிராம் கம்மி அவன். காந்திகிராமத்துல நிறுத்துப் பாத்துச் சொன்னாங்க.”

அவ விழுந்து விழுந்து சிரிச்சு, திண்ணையில கணக்குப் பாத்துக்கிட்டிருந்தவனக் கூப்பிட்டா. “அப்பா, இங்க வாயேன், ஒன்னையக் காமிக்கிறேன்!”

நான் வெடுக்குன்னு சேலைய இழுத்து மூடிக்கிட்டேன்.